சொல் இழந்தோர் கூடிய வரலாறு

மூளைக்காயம் பட்டோருக்கான அமைப்புகளைப் பெரும்பாலும் தொடங்கியவர்கள் காயம் பட்டோர் அல்லர், அவர்தம் உறவினரே. இதன் காரணத்தை 1935இல் அமெரிக்காவில் உருவான மதுப்பழக்க மீட்புக் கூட்டங்களிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அங்கு ஒருவர் எழுந்து தம் கதையைச் சொல்வார். அதே துன்பத்தில் உழன்ற பிறர் கேட்பர். பின்வந்த சக ஆதரவுக் குழுக்கள் பலவும் இவ்வடிவத்தையே கைக்கொண்டன. (‘சுய உதவிக் குழு’ என்றால் நமக்கு மகளிர் சேமிப்புக் குழுவே நினைவுக்கு வரும்; இது வேறு.) அக்கூட்டங்களின் மூலதனம் பேச்சு. மூளைச் சேதத்தால் அஃபேசியா என்னும் மொழியிழப்புக்கு ஆளானவர் பறிகொடுத்ததும் அதையே.

1965 பிப்ரவரியில் நடிகை பட்ரீசியா நீலுக்கு, 39 வயதில், கருவுற்றிருந்த நிலையில், மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டது. சொற்கள் குழம்பின; இல்லாத சொற்களும் வாயில் வந்தன. அவருடைய கணவரான எழுத்தாளர் ரோல்ட் தால், இங்கிலாந்தின் கிரேட் மிசன்டன் ஊரில் அண்டை அயலாரை முறைவைத்து நாள்தோறும் வரவழைத்தார். அவர்களுள் வேலரி ஈட்டன் கிரிஃபித் மருத்துவப் பயிற்சி ஏதும் பெறாதவர். வார்த்தை விளையாட்டும் வாசிப்பும் உரையாடலுமே அவர் கையிலிருந்த கருவிகள். 1968இல் நீல் மீண்டும் திரையில் தோன்றி, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். கிரிஃபித் 1970இல் இவ்வனுபவத்தை நூலாக்கினார். பிரிட்டனில் பக்கவாதத் தன்னார்வலர் திட்டமொன்றுக்கு அது வித்தாயிற்று.

இதனைச் சக ஆதரவு என்றழைக்க இயலாது. நலமுற்றோர் ஆசிரியராகவும் நோயுற்றவர் மாணவராகவும் அமர்ந்த ஏற்பாடு அது. தாலின் கெடுபிடியும் அதில் கலந்திருந்தது. 1978இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் தம் பெயரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்துக்கு நீல் சென்று நோயாளிகளைச் சந்தித்தபோதுதான், பட்டவர் ஒருவர் பட்டவர்களுக்குத் துணைநின்றார்.

1979இல் பிரிட்டனில் ஹெட்வே, 1980இல் அமெரிக்காவில் தேசியத் தலைக்காய அறக்கட்டளை. பின்னதைத் தொடங்கியவர், மகள் விபத்தில் காயமுற்ற ஒரு தாய்.

மொழியியல் நோக்கில் முக்கியமானது டொராண்டோ. கணவர் அஃபேசியாவுக்கு ஆளானதால் பேட் அராட்டோ 1979இல் அங்கு ஒரு மையம் தொடங்கினார். அங்குப் பணியாற்றிய ஆரா கேகன் 1998இல் ‘ஆதரவுடன் கூடிய உரையாடல்’ என்னும் முறையை விரிவாக முன்வைத்தார். முக்கியச் சொற்களைத் தாளில் எழுதிக்காட்டுதல், படம், சைகை, ஆம்/இல்லை வினாக்கள், புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்தல் ஆகியன அதன் வழிகள். உரையாடல் முறிந்தால் பழுது பேச இயலாதவரிடம் மட்டுமே என்ற எண்ணத்தை இம்முறை கைவிட்டது. பாதிப் பொறுப்பு எதிரிருப்பவருக்கும் வந்து சேர்ந்தது. சொல் குறைந்தோரும் வட்டமாக அமர்ந்து தம் கருத்தை வெளியிடுவதை அது எளிதாக்கியது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயம் அவற்றுள் தனி வகையாக இல்லை. பேச்சு, மொழிக் குறைபாட்டின் வரையறையில் அஃபேசியா பெயர் சுட்டப்படுகிறது. எனவே ஒரே விபத்தில் தலைக்காயம் பட்ட இருவர், ஒருவர் நடை இழந்தும் மற்றவர் சொல் இழந்தும் மீண்டால், வெவ்வேறு பெயர்களின்கீழ் பதிவாகின்றனர். தம்மைப் போன்றவரைத் தேடுவதற்கு அவர்களுக்குப் பொதுப்பெயர் கிடைப்பதில்லை.

இங்கு மற்றொரு சிக்கலும் உண்டு. பன்மொழியாளரின் மொழிகள் ஒரே அளவில் மீள்வதில்லை என்பதை பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895இலேயே எழுதினார். பெங்களூரில் இத்தகைய வட்டம் கூடினால், தாளில் எழுதி நீட்டும் சொல் கன்னடமா, தமிழா, உருதுவா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டறிந்தாக வேண்டும்.