பிரம்பு கைமாறிய கதை

“கண்ணை மட்டும் விட்டுடுங்க சேர், மற்றதெல்லாம் உங்கட பொறுப்பு.” பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பன், அதிபரின் மேசைக்கு முன்னால் நின்று சொல்லும் வாசகம் இது. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பழைய ஆசிரியர்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. தோலை உரிக்கக் கொடுத்த அனுமதிபோலத்தான் காதில் விழும். ஆனால் அதற்குள் ஓர் ஒப்படைப்பும் இருக்கிறது: இனி இவன் உங்கள் கையில். அந்த ஒப்படைப்பில் அடிக்கும் உரிமை எவ்வளவு, காக்கும் கடமை எவ்வளவு என்ற கணக்குத்தான் 200 வருடமாக இழுபடுகிறது.

மிஷனரிகள் வருவதற்கு முன் பள்ளிக்கூடம் என்றால் திண்ணைதான். தென்னிந்தியத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிப் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது. காலையில் முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழியம். புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதன்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். சோம்பேறி என்று பெயரெடுத்தவனைக் கைகளைக் கட்டிக் கூரையில் தொங்கவிடுவதும், ஓயாமல் இருந்து எழும்ப வைப்பதும் அதே அறிக்கையில் உண்டு. முன்னதுதான் நம்மவர்கள் சொல்லும் கோதண்டம்.

இந்தப் பள்ளிகளில் வாத்தியாருக்கு அடுத்த அதிகாரி சட்டாம்பிள்ளை. அவனும் மாணவன்தான். ஈழத்துப் பேச்சில் அதன் உறவுச் சொல்லான ‘சட்டம்பியார்’ வாத்தியாரையே குறித்தது என்பதைப் பார்த்தால், இரண்டு பதவிக்கும் நடுவே பெரிய சுவர் எதுவும் இருக்கவில்லை போலும். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவதைக் கண்டு தன் விடுதிக்கும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை அதனோடு சேர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது உலகம் சுற்றியது. சம்பளம் வாங்காத மேற்பார்வையாளனை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

1814இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். மறு ஆண்டு ஏப்ரலில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சில மாதங்களில் அவர் போட்ட விதைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1873இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி வந்தது. ஆங்கிலப் பள்ளிகளோடு மொனிட்டரும், பின்னர் பிரிஃபெக்ட் என்கிற மாணவர் தலைவரும் வந்தார்கள். பிரம்பின் ஒரு நுனி மறுபடியும் பிள்ளை கைக்குப் போயிற்று.

சட்டம் அப்போது யார் பக்கம் நின்றது? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 341ஆம் பிரிவைப் புரட்டினால் ஓர் உதாரணம் கிடைக்கும். தன் தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனைப் பிரம்பால் அடிக்கும் ஆசிரியர், குற்றவியல் பலாத்காரம் செய்தவராக மாட்டார். 1939இல் வந்த சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் பெற்றாரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை அது கவனமாக ஒதுக்கிக் காப்பாற்றியது. மேசைக்கு முன்னால் நின்ற தகப்பன் வாயால் சொன்னதைச் சட்டம் மையால் எழுதிவைத்தது. வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை நாள்தோறும் வதைத்தால் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்று அந்த மை எங்கும் படவில்லை.

அந்த வெற்றிடத்தை நெறி நிரப்பிய இடங்களும் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்து, புனித மிக்கேலில் படித்து, அங்கேயே கற்பித்தும் இருந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், தோணியேறி வாவி கடந்து வர வேண்டிய ஏழைப் பிள்ளைகளுக்கும் தங்கிப் படிக்க இடம் வேண்டும் என்பது இராமகிருஷ்ண மிஷனின் கவலையாக இருந்தது. பகலில் வகுப்பு முடிந்தால் பொறுப்பும் முடிந்தது என்று ஒரு விடுதி சொல்ல முடியாது. விளக்கணைந்த பிறகு யார் யாரைப் படுத்துகிறார்கள் என்பதும் அதன் பாடுதான்.

அதே விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 65 வருடம் கழித்து, 1996இல், அந்த வளாகத்து மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவரை மூத்த மாணவர் கொலை செய்தார். தமிழ்நாடு அதிர்ந்தது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. முறைப்பாடு வந்தும் நிறுவனத்தின் தலைவர் விசாரித்து நடவடிக்கை எடுக்கத் தவறினால், அவரும் குற்றத்துக்கு உடந்தை என்றே கொள்ளப்படுவார் என்கிறது அந்தச் சட்டம்.

இலங்கையில் ராகிங்குக்கு வழங்கும் சொல் பகிடிவதை. ‘பகிடி’ என்றால் சிரிப்புக்குச் சொல்வது. செய்தவனும் செய்யப்பட்டவனும் ஒரே நிகழ்ச்சிக்கு வைத்த இரண்டு பெயரை ஒட்டித் தைத்ததுபோல இருக்கிறது அந்தச் சொல். புதுமுகங்கள் உடுப்பு இப்படிப் போட வேண்டும், செருப்பு இப்படி இருக்க வேண்டும், தலை இப்படி வார வேண்டும் என்று விதி வகுப்பதில் தொடங்கும். பட்டப்பெயர் ஒன்றும் ஒட்டப்படும். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர், கடும் உடற்பயிற்சிகள் செய்யவைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். கேம்பல் கண்ட ‘இருந்து எழும்பும்’ தண்டனைக்கு இது தூரத்து உறவு.

மறு வருடமே 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. உடலுக்கோ மனதுக்கோ தீங்கு செய்யும், அச்சம் ஊட்டும் எந்தச் செயலும் பகிடிவதை. தண்டனை 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் 10 வருடம் வரை. கடுமைக்குக் குறைவில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டம்போல, கண்டும் காணாமல் இருந்த தலைவரைக் கூண்டில் ஏற்றும் பிரிவு அதில் இல்லை. அதே 1998இல் இங்கிலாந்தின் சட்டம், மாணவரிடையே நடக்கும் எல்லா வகைத் துன்புறுத்தலையும் தடுக்கும் ஏற்பாட்டைத் தலைமையாசிரியரின் கடமையாகவே எழுதிவைத்தது.

மட்டக்களப்பில், போர் நடந்த அந்தக் காலத்தில், இதைப் பேச யாருக்கு நேரம் இருந்தது? 1981இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான அதே இடத்தில், 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. 2004 ஏப்ரலில் கிழக்கில் ஆயுதக் குழு பிளந்தபோது, பதின்ம வயதுப் போராளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். துப்பாக்கி தூக்கிய கையோடு ஆறாம், ஏழாம் வகுப்பு வாங்கில் இருப்பது எப்படி? பக்கத்துப் பிள்ளை சொல்லும் ஒரு சொல் அங்கே என்ன செய்யும்? ஆசிரியர்கள் அதைத் தங்கள் புத்திக்கு எட்டியபடி சமாளித்தார்கள்.

கல்வி அமைச்சு 2005/17 என்ற சுற்றுநிருபத்தால் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2016இல் அதே விடயமாக 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்தது. சுற்றுநிருபம் சட்டமாகாது. 1883இன் உதாரணமோ சட்டக்கோவையில் அப்படியே கிடந்தது. 2021 பெப்ரவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவனின் காது நிரந்தரமாகப் பழுதாகிவிட்டது. கண் தப்பியது, காது போயிற்று. இழிவாக நடத்தப்படாதிருக்கும் உரிமை, அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை, மீறப்பட்டது என்று நீதியரசர் எஸ். துரைராஜா எழுதினார். ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் நட்டஈடாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது தொகைதான் பெரிது என்பதைக் கவனிக்க வேண்டும். அறைந்த கை ஆசிரியருடையது. ஆனால் பிள்ளையைப் பொறுப்பேற்றது அரசு.

அறைந்தது சக மாணவனாக இருந்தால்? அதற்கு இன்னும் அதிபரின் மேசையும் ஒழுக்கக் குறிப்பேடும்தான் முதற்படி. அதைத் தாண்டினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசி இலக்கம் 1929. கல்லடி உப்போடைப் பிள்ளைகளுக்கு அந்த இலக்கத்தை நினைவில் வைப்பது சுலபம். அவர்களுடைய பள்ளிக்கூடம் பிறந்த வருடமும் அதுதான்.