ஐந்து லிட்டர் பெட்டி

லண்டனுக்குத் தெற்கே சர்ரேயில் கிங்ஸ்வுட் வாரன் என்றொரு பழைய மாளிகை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிபிசி அதை வாங்கித் தன் ஆராய்ச்சித் துறையை அங்கே குடிவைத்தது. 1960களின் பிற்பகுதியில் அங்கிருந்த ஒலிப் பொறியாளர்கள் விசித்திரமான ஒரு வேலையில் இறங்கியிருந்தார்கள். இசை ஸ்டுடியோக்களை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி, அதற்குள் இசையை ஒலிக்கவிட்டு, பெரிய கூடத்தில் சத்தம் எப்படிச் சுழன்று அடங்கும் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பது. கூடத்தைக் கட்டி முடித்தபின் சுவரை இடிப்பதைவிட இது மலிவு.

அறையை எட்டு மடங்கு சுருக்கினால் அதற்குள் ஓடும் ஒலியலையையும் எட்டு மடங்கு சுருக்கியாக வேண்டும். அதனால் எதிரொலியே இல்லாத இடத்தில் பதிவு செய்த இசையை எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டி மாதிரி அறைக்குள் விடுவார்கள். உள்ளே ஒரு குட்டி மைக் அதைப் பிடிக்கும். பிடித்ததை மறுபடி பழைய வேகத்துக்கு இறக்கிக் கேட்டால், நிஜ ஸ்டுடியோவில் வாசித்தது போல இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸ் பாஸ், மாதிரி அறைக்குள் 400 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. ஆக, அங்கே வைக்கும் ஸ்பீக்கருக்கு 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலையே இல்லை. பெட்டி எவ்வளவு சின்னதானாலும் பாதகமில்லை.

அந்தக் குட்டிப் பெட்டியில் சாதாரண வேகத்தில் பேச்சையும் இசையையும் ஓட்டிப் பார்த்தபோது, செய்தவர்களே எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. பாஸ் இல்லை; அது தெரிந்த விஷயம்தான். மீதி எல்லாம் அந்த அளவுள்ள பெட்டிக்குத் தகாத அளவுக்கு இயல்பாக இருந்தது. அதே சமயத்தில் பிபிசிக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. கால்பந்து மைதானத்துக்கும் தேவாலயத்துக்கும் போய் நேரடி ஒளிபரப்பு செய்யும் வேன்களில், தயாரிப்பாளர்கள் உட்காரும் பகுதியில், நம்பிக் கேட்கத்தக்க ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஸ்டுடியோ மானிட்டர் ஒன்றை உள்ளே ஏற்றினால் ஓர் ஆள் இறங்கிக்கொள்ள வேண்டும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. மாதிரி அறைக்குச் செய்த பெட்டியை வேனுக்கு ஏற்றபடி திருத்தினால் என்ன என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

எல்எஸ்3/5 என்று அதற்குப் பெயரிட்டார்கள். எல்எஸ் என்றால் லவுட்ஸ்பீக்கர், 3 என்றால் வெளிப்புற ஒளிபரப்புக்கானது, 5 என்றால் அந்த வரிசையில் ஐந்தாவது. அரசு அலுவலகக் கோப்புக்கு வைப்பது போன்ற பெயர். இன்று உலகெங்கும் ஹைஃபை பித்தர்கள் இந்த எண்ணை மந்திரம் போல உச்சரிக்கிறார்கள் என்று கேட்டால் வைத்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

பெட்டியின் உயரம் ஓரடி, அகலம் ஏழரை அங்குலம், ஆழம் ஆறங்குலத்துக்குச் சற்று மேல். உள்ளே கொள்ளும் காற்று சுமார் ஐந்து லிட்டர். அதில் இரண்டே யூனிட்டுகள்: பாஸுக்கும் குரலுக்கும் சேர்த்து கெஃப் கம்பெனியின் பி110, உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டராக அதே கம்பெனியின் டி27. நடுப்பகுதி ஒலிக்கு, அதாவது மிட்ரேஞ்சுக்கு, இலக்கணமாகச் சொல்லப்படும் இந்த ஸ்பீக்கரில் மிட்ரேஞ்ச் யூனிட் என்று தனியாக ஒன்று கிடையாது. பெரிய மூன்று யூனிட் ஸ்பீக்கர்களில் ஒருவர் பேசும்போது குரலின் அடிப்பாகம் ஒரு யூனிட்டிலிருந்தும் மேற்பாகம் இன்னொன்றிலிருந்தும் வரும். ஒட்டுப்போட்ட இடம் குரலுக்கு நடுவிலேயே விழும். இங்கே 3,000 ஹெர்ட்ஸ் வரை முழுக்குரலையும் ஐந்தங்குலக் கூம்பு ஒன்றே சுமக்கிறது. கூம்பு சின்னதாக இருப்பதால் நேரெதிரே உட்கார்ந்தவருக்கும் ஓரத்தில் நின்றவருக்கும் அதிக வித்தியாசமில்லாமல் கேட்கும். நெருக்கியடித்து உட்காரும் வேனுக்கு அது வேண்டும்.

அந்த நடுப்பகுதியில் அப்படி என்ன இருக்கிறது? பழைய டெலிஃபோன் லைன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதை வைத்துக்கொண்டே 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லில் அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுகிறோம். நம் காதுத்துவாரமே ஒரு சிறு குழாய். சுமார் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி அது தானே ஒலியைத் தூக்கிக்கொடுக்கிறது. பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை அதிர்வெண்கூட 4,186 ஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. பாஸ் கொஞ்சம் குறைந்தால் காது பொறுத்துக்கொள்ளும், நாலைந்து நிமிடத்தில் மறந்தும்விடும். நடுவில் ஒரு டெசிபல் பிசகினால் பாடுகிறவர் மூக்கால் பாடுகிறார், அல்லது டப்பாவுக்குள்ளிருந்து பாடுகிறார். கடைகளில் ஸ்பீக்கர் விற்பவர்கள் முதலில் போட்டுக்காட்டுவது என்னவோ இடி முழக்கமும் கண்ணாடி உடையும் சத்தமும்தான். ஒருவர் சும்மா பேசுவதைப் போட்டுக்காட்டுங்கள் என்று கேட்டால் பாதிக் கடைகளில் முகம் மாறும் என்பது என் எண்ணம்.

பிபிசிக்காரர்கள் அந்தச் சோதனையைத்தான் செய்தார்கள். பழகிய சக ஊழியர் ஒருவரைப் பேசவைத்து, மைக் வழியாக ஸ்பீக்கரில் வரும் குரலையும் நேரில் கேட்கும் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்பது. தினமும் கூட உட்கார்ந்து டீ குடிக்கும் ஆளின் குரலில் ஸ்பீக்கர் பொய் சொல்ல முடியாது. வேறு ஊர் இசைக்குழுவின் இசைத்தட்டைப் போட்டால், அந்தக் கூடம் அப்படி, அந்தப் பதிவு அப்படி என்று பழியைத் தள்ளிவிடலாம்.

இந்தக் கேட்கும் பழக்கத்துக்குப் பின்னால் கூம்பு பற்றிய நீண்ட வேலை ஒன்று இருக்கிறது. அந்நாளில் கூம்புகள் காகிதத்தில் வந்தன. காகிதம் ஈரத்துக்கு ஏற்ப மாறும். ஒரு தவணையில் வந்தது போல அடுத்த தவணையில் வராது. லண்டனிலும் கிளாஸ்கோவிலும் உட்கார்ந்திருக்கும் இரண்டு பொறியாளர்கள் ஒரே தீர்ப்புக்கு வர வேண்டும் என்றால் இரண்டு ஊர் ஸ்பீக்கரும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். பிபிசி பொறியாளர்கள் டட்லி ஹார்வுட், ஸ்பென்சர் ஹ்யூஸ் இருவரும் 1960களில் பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பாலிஸ்டைரீன் வகைத் தகடு அது. சூடாக்கி அச்சில் இழுத்தால் ஒவ்வொரு கூம்பும் ஒரே மாதிரி வரும். அதற்கும் ஒரு குணக்கேடு இருந்தது. குரலின் மத்தியில் வாத்து கத்துவது போன்ற ஒரு வண்ணத்தைச் சேர்த்துவிடும். மேலே பிசுபிசுப்பான பூச்சு ஒன்றைத் தடவி அதை அடக்கினார்கள். பி110இன் கூம்பு அந்த வழியில் வந்ததுதான்.

பி110ஐச் செய்த கெஃப் 1961இல் கென்ட் மாவட்டத்தின் மெய்ட்ஸ்டோனில் தொடங்கியது. தொடங்கிய ரேமண்ட் குக் முன்பு பிபிசியில் வேலை பார்த்தவர். ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறையின் வளாகத்தில் கொட்டகை போட்டு ஆரம்பித்ததால், கென்ட் எஞ்சினியரிங் அண்ட் ஃபவுண்ட்ரி என்ற அந்தப் பட்டறைப் பெயரின் முதலெழுத்துகளே கம்பெனிப் பெயராகிவிட்டன. பி110, டி27 இரண்டையும் வடிவமைத்தவர் அங்கே ஆரம்பத்திலேயே சேர்ந்த மால்கம் ஜோன்ஸ்.

பெட்டியின் மரவேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். சுவர் கனமாக இருந்தால்தான் ஸ்பீக்கர் நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். தட்டிப் பார்த்துக் கல் போல இருந்தால் தலையாட்டுகிறார்கள். கிங்ஸ்வுட் வாரனில் நேர்மாறாக யோசித்தார்கள். எந்தச் சுவரும் அதிரத்தான் செய்யும். தடியாகவும் விறைப்பாகவும் ஆக்கினால் அந்த அதிர்வு மேலே ஏறிக் குரலின் மத்தியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய பிர்ச் பிளைவுட்டை எடுத்து உள்பக்கம் தார் கலந்த கனமான தகடுகளை ஒட்டினால் அதிர்வு குரலுக்குக் கீழே இறங்கும், சீக்கிரம் செத்தும் போகும். மூலைகளில் ஒட்டும் சட்டம் பீச் மரமாக இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்த இடத்தில் பரானா பைன் என்ற மலிவான மரத்தைப் போட்டபோது குரலில் வித்தியாசம் கேட்டதே காரணம். வெறும் தச்சு விவரம் போலத் தெரியும் இந்த விஷயத்தை, அளவுமானியைவிடக் காதே முதலில் பிடித்தது.

ட்வீட்டரைச் சுற்றித் தடித்த கம்பளிப் பட்டை இருக்கும். பெட்டியின் விளிம்பில் மோதித் தெறிக்கும் ஒலியை அது உறிஞ்சிவிடும். விரல் படாமலிருக்க ட்வீட்டரின் மேல் துளையிட்ட உலோக மூடி. வேனில் ஏற்றி இறக்கும் ஆட்களை நினைத்துச் செய்தது இது. ஒலியை இரண்டு யூனிட்டுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றான கிராஸ்ஓவரில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அதில் பல முனைகள். ஒவ்வொரு ட்வீட்டரும் சற்றுக் கூடக் குறையத்தான் வரும் என்பதால், அளந்து பார்த்து ஏற்ற முனையில் கம்பியைப் பற்றவைப்பார்கள். 3,000 ஹெர்ட்ஸில், காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்திலேயே ஒட்டுப்போடும் துணிச்சலுக்கு இத்தனை ஜாக்கிரதை தேவைப்பட்டது.

எல்எஸ்3/5 சிறு எண்ணிக்கையிலேயே செய்யப்பட்டது. மேற்கொண்டு செய்யப் போனபோது, கெஃப் அனுப்பிய யூனிட்டுகள் முன்பு வந்தவை போல இல்லை. யூனிட்டுக்கு ஏற்றபடி கிராஸ்ஓவரை மறுபடி வடிவமைக்க வேண்டியதாயிற்று. 1974இல் அப்படி வந்ததுதான் பெயரின் கடைசியில் 'ஏ' சேர்ந்த எல்எஸ்3/5ஏ. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது. வியாபார ரகசியம் என்று எதையும் ஒளித்ததாகத் தெரியவில்லை. மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் நிறுவனம் அப்படித்தானே இருக்க வேண்டும்.

பிபிசி தானே ஸ்பீக்கர் விற்கவில்லை, செய்ய உரிமம் கொடுத்தது. ராஜர்ஸ் 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பின்னால் பலர். இவற்றில் சில, பிபிசியில் இதே வேலையைச் செய்தவர்கள் தொடங்கியவை. ஹ்யூஸ் தன் பெயரான ஸ்பென்சரையும் மனைவி டோரதியின் பெயரையும் சேர்த்து ஸ்பெண்டார் ஆக்கினார். ஹார்வுட் 1977இல் மனைவி எலிசபெத்தைச் சேர்த்து ஹார்பெத் என்று வைத்தார். வேன்களுக்கென்று பிறந்த பெட்டி வீட்டு வரவேற்பறைகளுக்குக் குடிபோய்ப் பல்லாயிரக்கணக்கில் விற்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 82.5 டெசிபல்தான் தரும், சோம்பேறி ஸ்பீக்கர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக வற்றிவிடும். அந்த வறட்சி தெரியாமலிருக்க அதற்குச் சற்று மேலே லேசான ஒரு மேடு இருக்கிறது, காதைச் செல்லமாக ஏமாற்றுவதற்கு. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் பிரிந்து வரும், தொப்பியின் கும்கி இளைத்துப்போகும். கல்யாண வீட்டு ஆட்டத்துக்கு இதை வைத்தால் கூம்பு கிழிந்துவிடும். கச்சேரி அளவு சத்தம் வேண்டுமென்றால் வேறு ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம். ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, பேசுகிறவரின் சொல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கச் செய்ததை அதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை.

1980களின் கடைசியில் யூனிட்டுகள் மறுபடி மாறியதால் கிராஸ்ஓவரும் மாறி, ஸ்பீக்கரின் மின்தடை 15 ஓமிலிருந்து 11 ஓம் ஆனது. பழைய 15 ஓம்தான் அசல் என்று ஒரு கட்சி இன்றுவரை சண்டை போடுகிறது. பழைய ஜோடிகளுக்குக் கொடுக்கப்படும் விலையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இது பூஜையறைப் பொருளாக இருக்க வேண்டிய சாமானில்லை. 1990களின் முடிவில் கெஃப் அந்த யூனிட்டுகளைச் செய்வதை நிறுத்தியது. இதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் பி110ஐயும் டி27ஐயும் புதிதாகச் செய்தது. 2014இல் பிபிசி உரிமத்துடன் 15 ஓம் எல்எஸ்3/5ஏ மறுபடி கடைக்கு வந்தது.