மலையின் குரல்

திருவண்ணாமலை என்றவுடன் கார்த்திகைத் தீபம் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கத்தை நினைப்பவர் சிலரே. சங்க காலத்தில் அதற்குச் செங்கண்மா என்று பெயர். நன்னன் சேய் நன்னன் என்னும் சிற்றரசனின் ஊர். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. 583 அடிகள் உடையது. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். அதன் பிறகே ஏட்டில் உறங்கிய இப்பாட்டு மாணவர் கைக்கு எளிதாக எட்டியது.

கைக்கு எட்டியது, நெஞ்சுக்கு எட்டியதா? "இப்பாட்டின் கருத்து யாது?" என்று பரீட்சையில் கேட்டால், "நன்னனின் கொடைச் சிறப்பு" என்று மாணவர் எழுதிவிடுகிறார்கள். தவறில்லை. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர்களுக்கு அவனிடம் போக வழி சொல்வதுதான் பாட்டு. ஆனால் பாட்டின் பெயரைப் பாருங்கள். அதில் நன்னனும் இல்லை, கொடையும் இல்லை. மலை ஒரு யானை. அதில் எழும் ஓசைகளே அதன் மதநீர். அதுதான் 'மலைபடுகடாம்'.

அந்த ஓசைகள் என்னென்ன? தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு, கரும்பாலையின் இரைச்சல், பள்ளத்தில் விழுந்த குட்டிக்காகச் சுற்றத்தோடு கதறும் மந்தியின் ஓலம், புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்பின் புண் ஆறவேண்டுமென்று மனைவி பாடும் பாட்டு. அரசனைப் பாட வந்த புலவர், பெயரில்லாத இந்த எளிய உயிர்களின் குரலையெல்லாம் பாட்டில் சேர்த்துவிட்டார்!

வழியில் நடுகற்கள் நிற்குமாம். போரில் புறங்காட்டாமல் மாண்ட மறவர்களின் பெயர் பொறித்த கற்கள். அங்கே யாழ் மீட்டிப் பாடிவிட்டுப் போகச் சொல்கிறான் கூத்தன். செங்கம் வட்டாரத்தில் இன்றும் நடுகற்கள் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைத் தொகுத்து, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் பல பல்லவர் காலத்தவை, பாட்டுக்குப் பிற்பட்டவை. ஆயினும் மரபு ஒன்றே அன்றோ?

எண்ணிப் பாருங்கள். கூத்தர்கள் பசியோடு பரிசில் தேடிப் போகிறவர்கள். பொன்னும் சோறும் தரக்கூடியவன் நன்னன். அவன் முன் பாடுவது பிழைப்பு. கல்லாய் நிற்பவன் எதைத் தரமுடியும்? அவனுக்கும் ஒரு பாட்டு உண்டு என்கிறார் புலவர். பாட்டின் கருத்தைத் தேடும் மாணவர்கள் அரண்மனை வாயில் வரை ஓடவேண்டியதில்லை. அந்தக் கல்லருகே சற்று நின்றால் போதும்.