சமையலறை மேசையில் பிறந்த விளையாட்டு



"விளையாடிக்கிட்டே இருந்தா சோறு கிடைக்குமா?" என்று நாம் பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் விளையாட்டை விளையாடுவது வேறு. விளையாட்டை உருவாக்குவது வேறு. இதை உணர்த்துவது அமெரிக்க மாதரசி ரோபர்ட்டா வில்லியம்ஸ் அவர்களின் வாழ்க்கை வரலாறு.

1953-இல் பிறந்த இவருக்குச் சிறு வயது முதலே கதை என்றால் உயிர். கணவர் கென், கணினிக்கு நிரல் எழுதுபவர். 1979 வாக்கில் 'கோலோசல் கேவ்' என்ற விளையாட்டு இவர்கள் வீட்டுக்கு வந்தது. அதில் படமே கிடையாது; எல்லாம் எழுத்துதான். ஆங்கிலத்தில் "வடக்கே போ", "விளக்கை எடு" என்று தட்டச்சு செய்தால் குகைக்குள் கதை நகரும். சொல்லைப் பிழையாக எழுதினால் கணினிக்குப் புரியாது! ரோபர்ட்டா அதில் மூழ்கிப் போனார். முடித்த பிறகு, அதுபோல இன்னொன்று தேடினார். மனத்துக்குப் பிடித்தது கிடைக்கவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாயான இவரோ சமையலறை மேசையில் காகிதத்தை விரித்தார். ஒரு மாளிகை, அதன் அறைகள், எந்த அறையில் என்ன பொருள், யார் கொலைகாரன் என்று வரைபடம் போட்டுக் கதை அமைத்தார். கணவர் நிரல் எழுதினார். படங்களை இவரே வரைந்தார். அதுதான் 1980-இல் வெளிவந்த 'மிஸ்டரி ஹவுஸ்'. கதை விளையாட்டில் படத்தைக் கொண்டு வந்த முன்னோடி அது. பிளாஸ்டிக் பையில் போட்டு விற்ற அந்த விளையாட்டு, 10,000 பிரதிகளுக்கு மேல் விலை போனது.

தம்பதியர் தொடங்கிய நிறுவனம் பின்னர் 'சியரா ஆன்-லைன்' என்று பெயர் பெற்றது. 1984-இல் 'கிங்ஸ் குவெஸ்ட்' வந்தது. அதில் வீரன் திரையில் நடந்தான். மரத்துக்குப் பின்னாலும் போய் வந்தான். ஐபிஎம் நிறுவனத்தின் ஒரு புதிய கணினிக்காகச் செய்தது அது. அந்தக் கணினி சரியாக விற்கவில்லை. ஆனாலும் விளையாட்டு மற்றக் கணினிகளுக்கு மாறி வெற்றி கண்டது. 1988-இல் வந்த நான்காம் பாகத்தில், தந்தையின் உயிரைக் காக்கப் புறப்படுபவள் ரோசெல்லா என்ற மகள். வீரச் செயல் ஆண்பிள்ளைக்கு மட்டுமா சொந்தம்?

1996-இல் நிறுவனம் கைமாறியது. 1999-இல் ஓக்ஹர்ஸ்ட் ஊரில் விளையாட்டுகளை உருவாக்கிய பிரிவு மூடப்பட்டுப் பலர் வேலை இழந்தனர். முதலாளி மாறினால் தொழிலாளி படும் பாடு நமக்குத் தெரியாததா? ரோபர்ட்டாவும் அத்தொழிலை விட்டு ஒதுங்கினார். ஆனால் நிறுவனம் போனாலும் கற்ற கலை போகவில்லை. 2023-இல், எழுபதை நெருங்கிய வயதில், தம்மை ஈர்த்த அந்தப் பழைய குகை விளையாட்டையே புது வடிவில் படைத்து வெளியிட்டார்.

பெற்றோர்களே, பிள்ளை காகிதத்தில் எதையாவது கிறுக்கினால் பிடுங்கி எறியாதீர்கள். "இது என்ன கதை, சொல்லு" என்று கேளுங்கள். மாணவர்களே, பிடித்ததை ரசிப்பதோடு நிற்காதீர்கள். அதுபோல ஒன்றைச் செய்து பாருங்கள், தொடங்கியதை முடித்துக் காட்டுங்கள். அதற்கு முதலில் வேண்டியது ஒரு காகிதமும் பென்சிலும்தான்.

வாழ்க, வளர்க!