பார்மனில் எழுந்த மறுப்பு

இறையியல் பரலோகத்தைப் பற்றியது. உலக நடப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜேர்மனியத் திருச்சபை பட்ட பாடு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புரட்டஸ்தாந்து இறையியல், வேதநூலையும் ஏனைய பழைய நூல்களைப் போலவே வரலாற்று நோக்கில் ஆராயத் துணிந்தது. இது பெருஞ் சாதனையே. ஆனால், நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டையே இறைவனின் சித்தமாகக் காணவும் அது பழகிவிட்டது. 1914இல் யுத்தம் மூண்டபோது இதன் விளைவு வெளிப்பட்டது. ஜேர்மனியின் போர்ச் செயல்களை நியாயப்படுத்தி 93 அறிஞர் வெளியிட்ட அறிக்கையில், அக்கால இறையியலின் தலைமகனான அடொல்ஃப் ஹார்னாக்கும் ஒப்பமிட்டிருந்தார்.

அவரிடம் பயின்ற கார்ள் பார்த், அப்போது சுவிற்சர்லாந்தின் சாபன்வில் என்னும் தொழிற்சாலைக் கிராமத்தில் போதகராயிருந்தார். தொழிலாளரின் சங்க உரிமைக்காக வாதாடி முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டவர். ஆசிரியர்களின் அவ்வொப்பம் அவர்களது இறையியலிலேயே அவரை நம்பிக்கையிழக்கச் செய்தது. உரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விரிவுரை, முற்றாகத் திருத்தப்பெற்று 1922இல் மீண்டும் வெளிவந்தது. எந்த நாகரிகத்தையும் எந்த அரசையும் கடவுளோடு ஒன்றாக்குதல் தகாது என்பதே அதன் உயிர்நாடி.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இக்கொள்கை சோதனைக்குள்ளாயிற்று. ‘ஜேர்மானியக் கிறிஸ்தவர்’ என்ற அணியினர் இனவெறியைப் பிரசங்க பீடத்தில் ஏற்றினர். யூத வம்சத்திற் பிறந்த போதகரை விலக்கும் விதியைப் பிரஷ்யத் திருச்சபையில் நிறைவேற்றினர். எதிர்த்தோர் 1934 மே மாத இறுதியில் பார்மன் நகரிற் கூடினர். பெரும்பாலும் பார்த் வரைந்த, ஆறு கூற்றுக்கள் கொண்ட பிரகடனம், அரசின் ஏவலுக்குத் திருச்சபை கருவியாகாது என்று அறிவித்தது. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற சத்தியஞ் செய்ய மறுத்த பார்த், 1935இல் பொன் நகரப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

ஆயினும், ஒடுக்கப்பட்ட யூதரைப் பற்றி அப்பிரகடனத்தில் ஒரு சொல்லும் இல்லை. தன் சுதந்திரத்தைக் காக்க எழுந்தவர்கள், வீதியில் அடிபட்ட அயலானுக்காகக் குரல் எழுப்பவில்லை. அரசினால் நசுக்கப்படுவோர் கிறிஸ்தவரல்லாதவராயினும் அவர்களுக்குத் திருச்சபை கடமைப்பட்டது என்று 1933இலேயே எழுதியவர் டீற்றிறிக் பொன்ஹோபர். ஹிட்லருக்கெதிரான சதியிற் சேர்ந்த அவர், 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பார்மனில் யூதர் பிரச்சினையை முன்வைக்காதது தம் குற்றமே என்று பார்த் 1967இல் ஒப்புக்கொண்டார்.

முந்திய இறையியல் அரசுக்கு ஆசி கூறியது. பிந்தியது மறுப்புச் சொல்லக் கற்பித்தது. அம்மறுப்பு தனக்காக மட்டுமா, நசுக்கப்படுவோர் அனைவருக்காகவுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு திருச்சபையும் தன் நாட்டில் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது.