சிலாங்கூரும் கூட்டரசும்: பந்திங் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாறு

லங்காட் ஆற்றோரம் அமைந்த பந்திங், சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலாங்கூர் அரச குடும்பம் வாழ்ந்தது இந்த வட்டாரத்தில்தான். 1857 முதல் 1898 வரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை பந்திங்கை அடுத்த புக்கிட் ஜுக்ராவில் இருக்கிறது. அவருடைய பேரன் சுல்தான் சுலைமான் கட்டிய இஸ்தானா பண்டார் அரண்மனையும் அங்கேயே நிற்கிறது. மலேசியா என்ற கூட்டாட்சி நாட்டில் சிலாங்கூர் பெற்ற இடத்தையும் இழந்த நிலத்தையும் விளங்கிக்கொள்ள இந்த ஊரிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

1873இல் லங்காட் ஆற்று முகத்துவாரத்தில் நடந்த ஒரு கடற்கொள்ளை, ஆங்கிலேயருக்குச் சிலாங்கூரில் கால்வைக்கக் காரணமாயிற்று. 1874 பிப்ரவரியில் ஆங்கிலேய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட் வந்தார். இளம் அதிகாரி ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் அதே ஆண்டு சுல்தானுக்குப் பக்கத்தில் தங்கவைக்கப்பட்டார். மறுஆண்டு டேவிட்சன் முதல் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானின் ஆங்கிலேய ஆலோசகராக, பொறுப்பேற்றார். மலாய் மதமும் வழக்காறும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் ரெசிடெண்டின் ‘ஆலோசனை’யே முடிவு என்றாயிற்று. 1880இல் நிர்வாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அரியணை லங்காட்டில் இருக்க, அதிகாரம் ஈயச் சுரங்க ஊருக்குப் போய்விட்டது.

1896இல் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கையும் இணைத்து ஐக்கிய மலாய் மாநிலங்கள் உருவாயின. பெயரில் மட்டுமே அது கூட்டாட்சி. கோலாலம்பூரில் அமர்ந்த ரெசிடெண்ட் ஜெனரல் ஸ்வெட்டன்ஹாமின் அலுவலகத்திலேயே அதிகாரமெல்லாம் குவிந்தது. 1903இல் கோலாலம்பூரில் கூடிய ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இதை வெளிப்படையாகவே குறைகூறினார். அவருடைய குறை நியாயமானது. ஆனாலும் நிலைமை மாற நெடுங்காலம் பிடித்தது.

ரப்பர் வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஜுக்ராவிலும் கேரித் தீவிலும் காடு அழித்துத் தோட்டங்கள் போடப்பட்டன. கங்காணிகள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் காலூன்றிய மண் சட்டப்படி சுல்தானுடையது. பால்மரம் வெட்டிய தோட்டம் வெள்ளைக்கார நிறுவனத்துடையது. அவர்களுக்கென்று எந்த அரசியல் தகுதியும் இல்லை. ஓட்டுரிமை என்ற பேச்சே அப்போது எழவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1946 ஏப்ரலில் ஆங்கிலேயர் கொண்டுவந்த மலாயன் யூனியன், மாநிலங்களின் தனித்தன்மையையே துடைத்தெறியப் பார்த்தது. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் அது நிலைக்கவில்லை. 1948 பிப்ரவரி 1இல் மலாயா கூட்டமைப்பு பிறந்தது. சுல்தான்களுக்குத் தங்கள் தகுதி திரும்பக் கிடைத்தது. குடியுரிமைக்கான முக்கியமான வழிகளில் ஒன்று மாநிலம் வழியாகவே அமைந்தது. சுல்தானின் குடிமகன் என்று ஏற்கப்பட்டவர் கூட்டமைப்பின் குடிமகனாகவும் ஆனார். 1952 திருத்தங்களுக்குப் பிறகு, தாய் தந்தையரில் ஒருவராவது மலாயாவில் பிறந்திருந்தால் அங்கே பிறந்த பிள்ளைக்கு இந்த வழி திறந்தது. ஜுக்ராத் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, சிலாங்கூர் சுல்தானின் குடியாகி, அதன் மூலம் மலாயாக் குடியாக முடிந்தது. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். 1957 சுதந்திரத்துக்குப் பிறகும் பதிவு செய்யாமல் விட்டவர்களின் கையில் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையே மிஞ்சியது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட்டைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டம் பல்லாயிரம் பேரைத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பியது. தோட்டத் தமிழரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய அநீதிகள் அதிகமில்லை.

1957 அரசியலமைப்பு அதிகாரத்தைப் பட்டியல் போட்டுப் பிரித்தது. தற்காப்பு, கல்வி, குடியுரிமை, தொழிலாளர் விவகாரம் ஆகியவை மத்திய அரசிடம் போயின. நிலம், ஊராட்சி, இஸ்லாமிய சமய நிர்வாகம் ஆகியவை மாநிலத்திடம் நின்றன. பந்திங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் நிலைமையில் இந்த அதிகாரப் பகிர்வு நேரடியாகத் தெரியும். ஆசிரியரை அனுப்புவதும் பாடத்திட்டம் வகுப்பதும் மத்தியக் கல்வி அமைச்சு. பள்ளி நிற்கும் நிலத்துக்குப் பட்டா கொடுப்பதோ மாநில நில அலுவலகம். தோட்டம் கைமாறினால் பள்ளியும் கோயிலும் இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் நடுவே அல்லாட வேண்டியிருக்கும்.

மாநில எல்லையை மாற்ற அந்த மாநிலச் சட்டமன்றமும் ஆட்சியாளர் மன்றமும் இசைய வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. சிலாங்கூர் இரண்டு முறை இசைந்தது. முதல் முறை 1974 பிப்ரவரி 1இல், சுல்தான் சலாஹுடின் காலத்தில், கோலாலம்பூர், மத்திய அரசு நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசமானபோது. அந்த இழப்பின் நினைவாகக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவு எழுப்பப்பட்டது. இதில் அரசியல் கணக்கும் இருந்தது. 1969 தேர்தலில் சிலாங்கூர்ச் சட்டமன்றத்தின் 28 இடங்களில் ஆளும் கூட்டணிக்குப் பாதியே கிடைத்திருந்தது. எதிர்க்கட்சிகளுக்கு வலுவான கோலாலம்பூர் வாக்காளர்கள் பிரிந்துபோனதும் அந்தச் சமநிலை குலைந்தது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழர் அன்று முதல் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே வாக்களிக்கிறார். கிள்ளான், பந்திங் தமிழருக்குச் சட்டமன்ற வாக்கும் உண்டு. மாநிலத் தலைநகர் 1978இல் ஷா ஆலாமுக்குப் போனது.

இரண்டாவது முறை புத்ராஜெயாவுக்காக. பிராங் புசார், செட்ஜ்லி, காலோவே, மடிங்லி ஆகிய நான்கு தோட்டங்கள் 1990களில் நிர்வாக நகருக்காக எடுக்கப்பட்டன. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. 2001 பிப்ரவரி 1இல் அந்த நிலமும் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரை விட்டுப் பிரிந்தது.

கோல லங்காட் சிலாங்கூரிலேயே நீடிக்கிறது. அதன் நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. 2008இல் ஆட்சி மாறியபின் சிலாங்கூர் மாநில அரசு, கல்வி தன் பட்டியலில் இல்லாதபோதும், தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கத் தொடங்கியது. கேரித் தீவிலும் ஜுக்ராவிலும் உள்ள தோட்டப் பள்ளிகள் இருக்கும் மாநிலத்தில் அது மதிக்கத்தக்க முடிவு.