நோயும் பதிவேடும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

நோயின் வரலாறு மருத்துவர்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவருகின்றது. இலக்கியத்தையும் சமூக அமைப்பையும் தொடர்புபடுத்தி ஆராயப் புகுந்த நாம், அச்சமூகத்தின் உடலை வருத்திய காய்ச்சலை மாத்திரம் ஆய்வின் புறத்தே விட்டுவந்துள்ளோம். ஆயின், ஒரு நோயை யார் பதிவு செய்தனர், எதன் பொருட்டுப் பதிவு செய்தனர், பதிவில் இடம்பெறாது போனவர் யாவர் என்பன சமூகவியல் வினாக்களேயாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும், சிறப்பாக வைத்தியசாலைகளுக்குள்ளேயே பரவும் பங்கசுத் தொற்றுகளும் உலகெங்கும் அச்சத்தைத் தோற்றுவித்துள்ள இன்று, இவ்வினாக்கள் கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன. வன்னிப் பெருநிலத்தின் மலேரியா வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு அவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

குடியேற்றவாத ஆட்சியினர் வன்னியைக் காடும் காய்ச்சலும் நிறைந்த நிலமாகவே கண்டனர். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய பகுதிகள் பற்றி ஜே. பி. லூயிஸ் தொகுத்த கையேடு 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிலம், குளம், குடிசனம் ஆகியன அக்கால ஆட்சியின் கணக்கெடுப்புக்கு உள்ளாகிவிட்டமைக்கு அந்நூலே சான்றாகும். ஆயினும் காய்ச்சல் நிலத்தின் இயல்பு என்றே பொதுவாகக் கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்தவரும் வன்னிக்குச் செல்வதை அக்காரணம் பற்றியே அஞ்சினர். உண்மையில் இங்கு தொழிற்பட்டது ஒரு சுழற்சியாகும். காய்ச்சலால் மக்கள் தொகை குன்றியது. மக்கள் குன்றியமையாற் குளங்களும் வாய்க்கால்களும் பேணப்படவில்லை. பேணப்படாத நீர்நிலைகள் நுளம்புக்கு வாய்ப்பளித்தன. விளைவு குன்றப் பசியால் நலிந்த உடல் மீண்டும் காய்ச்சலுக்கு இரையாயிற்று. இயற்கை எனக் கூறப்பட்டதன் பெரும்பகுதி வரலாறே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1934-35ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளை நோய் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. வறட்சியால் ஆறுகள் வற்றி, ஆங்காங்கே தேங்கிய குட்டைகளில் நுளம்புகள் பெருகின. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இழப்பு மிகுந்திருந்த இடம், நோய் நிரந்தரமாகக் குடிகொண்டிருந்த வன்னி அன்று; எதிர்ப்பாற்றல் பெற்றிராத கேகாலை முதலிய பகுதிகளே. உலர்வலயத்திற் பிள்ளைப்பருவத்திலேயே காய்ச்சல் மீண்டும் மீண்டும் தாக்கிற்று. தப்பியோர் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெற்றனர். சிறுவரின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல் உடையோர் நூற்றுக்கு எத்தனை பேர் எனக் கணக்கிடுவதே அன்றைய நோய் அளவையாக இருந்தது. திடீரென நேர்ந்த சாவு கொள்ளைநோய் எனப் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் ஓயாது நிகழ்ந்த சாவு வழமை எனப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்திற் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணி புரிந்த சூரியமல் இயக்கத்து இளைஞர்களிற் பலரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். நோய் அவர்களுக்கு வறுமையின் முகத்தைக் காட்டிற்று.

2

இரண்டாம் உலகப்போரின் பின் டி.டி.ரி. தெளிப்புப் பரவலாக மேற்கொள்ளப்பட்டது. உலர்வலயக் குடியேற்றத் திட்டங்கள் விரிவடைவதற்கும் அது துணைசெய்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் பதினேழு பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. இதனிடையே நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டமையால் 1977இல் மலத்தியன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று.

அடுத்து ஒட்டுண்ணியே மருந்தை எதிர்க்கத் தொடங்கியது. குளோரோகுயின் மாத்திரைக்கு அடங்காத மலேரியா இலங்கையில் முதன்முதலாக 1984இல் அறியப்பட்டது. எதிர்ப்பாற்றல் என்பது கிருமியின் மாயவித்தையன்று. மருந்தாற் பலவீனமானவை மடிய, தாக்குப்பிடித்தவை எஞ்சிப் பெருகுகின்றன. அரைகுறையாக உட்கொள்ளப்படும் மருந்தும், தரங்குறைந்த மருந்தும், இலாப நோக்கில் வரைமுறையின்றி விற்கப்படும் மருந்தும் இத்தேர்வினை விரைவுபடுத்துவன. எனவே எதிர்ப்பாற்றல், மருந்து வழங்கப்பட்ட முறையின் வரலாற்றைக் கிருமி தன் உடலில் எழுதிவைத்த பதிவு எனலாம்.

போர் இந்நிலைமையை வன்னியிற் கூர்மையாக்கிற்று. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் நீரேரியைக் கடந்து கிளிநொச்சியையும் அதன் சுற்றுப்புறங்களையும் அடைந்தனர். மலேரியாப் பழக்கமற்ற உடல்கள் மலேரியா நிலத்தின் மர நிழலிலும் கொட்டில்களிலும் தங்கின. வன்னிக்குச் செல்லும் பொருட்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் மருந்துகளையும் பாதித்தன. 1999இல் நாடு முழுவதிலும் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட நோயாளர் பதிவாகினர். அவர்களுட் பெரும்பான்மையினர் வடக்கு, கிழக்கு மாகாணத்தவர்.

இவ்வாறிருந்தும் மலேரியா ஒழிந்தது போர்க்காலத்திலேதான் பெரும்பாலும் நிகழ்ந்தது. நடமாடும் சிகிச்சை நிலையங்கள் ஊர் ஊராகச் சென்றன. காய்ச்சற்காரரின் இரத்தம் கண்ணாடித் தகட்டிற் பூசப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கப்பட்டது. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. போரிட்ட இரு தரப்பினரும் இப்பணிக்கு வழிவிட்டனர். 2008இல் நோயாளர் தொகை ஆயிரத்திற்குக் கீழ் இறங்கியிருந்தது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் அறியப்பட்டார். 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. இவ்வெற்றி பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், தெளிப்புத் தொழிலாளரும், இரத்தத் தகடு நோக்கியோருமாகிய பெயரறியாத பலரின் உழைப்பின் பேறாகும்.

3

இங்கு ஒரு பெரும் முரண்பாட்டை நாம் எதிர்கொள்ளவேண்டியுள்ளது. ஒவ்வொரு மலேரியா நோயாளரையும் தேடிக் கணக்கிட்ட அதே அரசு, 2009இன் தொடக்கத்தில் வன்னிப் போர்க்களத்துள் அகப்பட்டிருந்தோர் சுமார் 70,000 பேரே என அறிவித்தது. களத்தில் நின்ற அரச அலுவலர்களின் கணக்கு அதனிலும் பன்மடங்காக இருந்தது. போர் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுள் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,80,000 பேர். உணவும் மருந்தும் தலைக்கணக்கின்படியே அனுப்பப்படுவன. கணக்கில் இல்லாத மனிதனுக்கு மாத்திரையும் இல்லை. கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எனப் பெயர்ந்துகொண்டே சென்ற வைத்தியசாலைகளில் எறிகணைகள் வீழ்ந்தன. அங்கு நோய்ப் பதிவேடு பேணுதல் எங்ஙனம் கூடும்? நெருக்கமான முகாம்களில் பின்னர் கொப்புளிப்பானும் ஈரலழற்சியும் பரவின. ஒட்டுண்ணியை எண்ணுவது அரசியலுக்கு அப்பாற்பட்டதாகவும், மனிதரை எண்ணுவது அரசியலாகவும் அமைந்தமையே இவ்வரலாற்றின் சாரமாகும்.

4

பங்கசுத் தொற்றினை நாம் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையை அழித்த அதே ஆழிப்பேரலையின் பின்விளைவொன்று அடுத்த ஆண்டில் கொழும்பில் வெளிப்பட்டது. மகப்பேற்றின்போது முள்ளந்தண்டில் விறைப்பூசி ஏற்றப்பெற்ற பெண்கள் ஐவர், 2005 யூன், யூலை மாதங்களில், அஸ்பெர்ஜிலஸ் என்னும் பங்கசால் விளைந்த மூளைமென்சவ்வழற்சிக்கு ஆளாகினர், மூவர் இறந்தனர். பேரலையை அடுத்துக் களஞ்சிய வசதிகள் நெருக்கடிக்குள்ளாகியிருந்த வேளையில், ஊசிக்குழல்கள் ஈரலிப்பு மிகுந்த இடத்தில் வைக்கப்பட்டமையே காரணமென மருத்துவர்கள் கருதினர். தனித்தனி மரணங்களாக மறைந்திருக்கக்கூடியவற்றை ஒரே தொடராக இனங்கண்டு, கட்டிலிலிருந்து களஞ்சியம் வரை தடம்பற்றிச் சென்றதே இங்கு முக்கியமானது.

இன்றைய பங்கசுகள் மேலும் கடினமானவை. 2009இல் யப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கன்டிடா ஓரிஸ், பலவகை மருந்துகளையும் எதிர்ப்பது. கட்டிற் சட்டத்திலும் கருவிகளிலும் பலநாள் உயிர்தரிப்பது. வழமையான ஆய்வுகூட முறைகளில் வேறொரு பங்கசாகப் பிழைபட அறியப்படக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் முதன்முறையாக வெளியிட்ட பத்தொன்பது ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில் அது உச்சத் தொகுதியில் இடம்பெற்றது. அஸ்பெர்ஜிலஸ் இனமொன்றும் அத்தொகுதியிலேயே உள்ளது. அஸ்பெர்ஜிலசைக் குணப்படுத்தும் அசோல் மருந்துகளின் உறவுப் பொருட்களே பயிர்களுக்கும் தெளிக்கப்படுகின்றன. வயலில் எதிர்ப்பாற்றல் பெற்ற பங்கசு நோயாளியின் நுரையீரலை அடையலாம். டி.டி.ரி. தந்த பாடம் இங்கு மீண்டும் வேறு வடிவிற் கற்பிக்கப்படுகின்றது.

ஆய்வுகூடம் தலைநகரிலும் நோயாளி கிராமத்திலும் இருக்கும்வரை, கிராமத்துச் சாவு காரணம் அறியப்படாத சாவாகவே எஞ்சும். நோய் இல்லை என்பதற்கும் நோய் அறியப்படவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டினை வன்னி நன்கு அறியும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளிலே மருந்து தட்டுப்பட்டபோது, தடைப்பட்ட சிகிச்சை எத்தனை எதிர்ப்பாற்றல்களை விதைத்திருக்கும் என்பது வினவற்குரியது. மலேரியாச் சான்றிதழ் கிடைத்த அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில், வன்னியின் அயலான மன்னாரில் ஸ்ரெபென்சி என்னும் புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. 1963இன் தவறு மீள நிகழாதிருத்தல் வேண்டுமாயின் கண்காணிப்பு ஓயலாகாது.

நோய்ப் பதிவேடு நடுநிலையான காகிதமன்று. ஒரு சமூகம் எவருடைய உயிரை எண்ணத்தக்கதெனக் கொள்கிறது என்பதற்கான சாட்சியம் அது. கிருமியைத் தேடிக் கடைக்கோடி ஊருக்கும் சென்ற அக்கறை மனிதரைத் தேடியும் செல்லுமாயின், அப்பதிவேடு மக்களுடையதாகும். அதுவரை அதன் வெற்றுப் பக்கங்களையும் வாசிப்பது ஆய்வாளராகிய நமது கடமையாகும்.